இணையப் பக்கம் எழுத எந்த மென்பொருள்? – வாசகர் கேள்வி பதில்

இணையப் பக்கம் உருவாக்குவது, திருத்துவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தந்திருக்கிறோம். ஆளுக்கொரு மென்பொருளின் பெயரைச் சொல்லி ‘இது நல்லதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அது எழுதித் தரும் கோப்பைப் பத்து ஆண்டு கழித்து வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளில் திறந்து திருத்த முடியுமா என்பதுதான் எங்களுக்கு முதல் கேள்வி. பதில்கள் எல்லாம் அதை ஒட்டியே இருக்கின்றன. நிரல் சொற்களையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

எங்கள் பள்ளிக்குப் பத்துப் பக்கத்தில் ஓர் இணையதளம் தயாரிக்க வேண்டும். வேர்டில் தட்டி ‘வெப் பேஜ்’ என்று சேவ் செய்தால் போதும் என்கிறார் ஒருவர். ட்ரீம்வீவர் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். பள்ளியில் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, திருத்துறைப்பூண்டி

இரண்டுமே வேண்டாம்.

வேர்டு காகிதத்தில் அச்சிடுவதற்கான மென்பொருள். நீங்கள் நான்கு வரி தட்டி ‘வெப் பேஜ்’ என்று சேமித்தால், அந்த நான்கு வரியைச் சுற்றி ‘எம்எஸ்ஓ’ என்று தொடங்கும் நூற்றுக்கணக்கான வடிவமைப்பு வரிகளையும் சேர்த்து எழுதிவிடும். திரையில் ஒழுங்காகத் தெரியும். ஆனால் கைபேசியில் வரிகள் திரையை விட்டு ஓடும். அடுத்த ஆண்டு ஒரு தேதியை மாற்றக் கோப்பைத் திறந்தால் உங்கள் வாக்கியம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். ‘வெப் பேஜ், ஃபில்டர்டு’ என்ற வகையில் சேமித்தால் குப்பை குறையும், ஒழியாது.

ட்ரீம்வீவர் நல்ல மென்பொருள்தான். மேக்ரோமீடியா நிறுவனம் 1997-இல் வெளியிட்டது, 2005-இல் அடோபியின் கைக்குப் போனது. இன்று அது சந்தாவில்தான் கிடைக்கிறது. பத்துப் பக்கத்துக்காக மாதாமாதம் பணம் கட்டத் தேவையில்லை.

உங்கள் கணினிக்கு நோட்பேட்++ பொருத்தம். இலவசம், சில எம்பி அளவுதான், பழைய விண்டோஸ் கணினியிலும் தடங்கலின்றி ஓடும். இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் குறிகளை வண்ணம் பிரித்துக் காட்டுவதால் விட்டுப்போன அடைப்புக்குறி உடனே கண்ணில் படும். 8 ஜிபி ரேம் உள்ள கணினி கிடைத்தால் மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடுக்குப் போங்கள். அதுவும் இலவசம். 4 ஜிபியில் அதுவும் ஓடும், ஆனால் பிரவுசரும் பக்கத்தில் திறந்திருந்தால் திணறும். விண்டோஸ் 7 கணினி என்றால் விஎஸ் கோடின் புதிய பதிப்புகள் ஏறாது.

விஎஸ் கோடில் தொடங்கும் முறை: வெறும் கோப்பை முதலில் ‘இண்டெக்ஸ் புள்ளி எச்டிஎம்எல்’ என்ற பெயரில் சேமியுங்கள். பிறகு ஆச்சரியக்குறி ஒன்றைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் பக்கத்தின் எலும்புக்கூடு முழுவதும் தானாக வந்துவிடும். அதில் மொழி ‘இஎன்’ என்று இருக்கும். தமிழுக்கு ‘டிஏ’ என்று மாற்றுங்கள். திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவர்களுக்குத் தமிழ்க் குரல் ஒலிக்க இந்த இரண்டு எழுத்து உதவும். ‘வியூபோர்ட்’ என்ற வரியைக் கை வைக்காமல் விட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் கைபேசி உங்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலத்தில் வரைந்து சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு போல் தெரியும். விஎஸ் கோடுக்கான ‘லைவ் சர்வர்’ என்ற துணை மென்பொருளை (எக்ஸ்டென்ஷன்) நிறுவினால் கீழே ‘கோ லைவ்’ பொத்தான் வரும். அழுத்தினால் பக்கம் பிரவுசரில் திறக்கும், சேமிக்கும்போதெல்லாம் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

முதல் நாளே பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் கோப்புப் பெயரின் வால் பகுதியை மறைத்து வைத்திருக்கும். சாதாரண நோட்பேடில் சேமித்தால் பெயர் உண்மையில் ‘இண்டெக்ஸ் புள்ளி எச்டிஎம்எல் புள்ளி டிஎக்ஸ்டி’ ஆகிவிடும். பிரவுசரில் பக்கத்துக்குப் பதில் நிரல் அப்படியே தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பட்டியலுக்குப் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது.

எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை இணையத்தில் ஏற்றினேன். சில பக்கங்களில் தமிழ் நன்றாக வருகிறது. சிலவற்றில் வெறும் கேள்விக்குறிகள், சிலவற்றில் ஏதோ ஐரோப்பிய எழுத்துகள். பழைய பக்கங்கள் சிலவற்றில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வருகின்றன. மென்பொருளை மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், கும்பகோணம்

நீங்கள் சொல்வது ஒரு நோய் இல்லை, மூன்று. தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கேள்விக்குறிகள். கோப்பை ‘ஆன்சி’ என்ற குறிமுறையில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) சேமித்திருக்கிறீர்கள். அதில் தமிழுக்கு இடம் கிடையாது. சேமித்த அந்தக் கணமே ஒவ்வொரு தமிழ் எழுத்தும் அழிந்து அங்கே கேள்விக்குறி உட்கார்ந்துவிட்டது. எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வேறு பிரதி இருந்தால் அதிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி தட்டுவதுதான் வழி. 2019-க்கு முந்தைய விண்டோஸ் நோட்பேட், தானாகத் தேர்ந்து வைத்திருந்தது இந்த ஆன்சியைத்தான். சேமிக்கும்போது ஓர் எச்சரிக்கை வரும், நாம் படிக்காமல் ‘ஓகே’ கொடுப்போம். விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பிலிருந்து நோட்பேட், எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறையின் யூடிஎஃப்-8 வடிவில் சேமிக்கிறது.

இரண்டாவது, ஐரோப்பிய எழுத்துகள். தலையில் சாய்கோடு வைத்த ஆங்கில ‘ஏ’, அதையடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ குறி, மறுபடி அதே ‘ஏ’ என்று வருகிறதா பாருங்கள். அப்படியென்றால் கவலை வேண்டாம், உங்கள் தமிழ் பத்திரமாக இருக்கிறது. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. முதல் இரண்டு பைட்டு எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஏறக்குறைய ஒன்றே. பிரவுசர் அவற்றைப் பழைய ஐரோப்பிய முறையில் படிப்பதால்தான் அந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறது. கோப்பின் தலைப்பகுதியில் ‘மெட்டா கேர்செட் யூடிஎஃப்-8’ என்ற வரியைச் சேருங்கள். அது கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும், ஆகவே ‘ஹெட்’ குறி திறந்ததும் முதல் வரியாகவே வையுங்கள். ‘டைட்டில்’ அதற்குப் பிறகு. சேர்த்தும் மாறவில்லை என்றால் உங்கள் சர்வர் (பக்கங்களை இணையத்தில் வைத்து வழங்கும் கணினி) வேறு குறிமுறையை அறிவிக்கிறது. சர்வர் சொல்வதுதான் செல்லும், பக்கத்தில் எழுதியிருப்பது செல்லாது. ஹோஸ்டிங் (சர்வரில் இடம்) தருபவரிடம் யூடிஎஃப்-8-ஐ அறிவிக்கச் சொல்லுங்கள்.

நோட்பேட்++-இல் இதைத் திருத்தும்போது ஒரு கவனம் தேவை. ‘என்கோடிங்’ பட்டியலில் ‘யூடிஎஃப்-8’ என்று ஒன்றும் ‘கன்வெர்ட் டு யூடிஎஃப்-8’ என்று இன்னொன்றும் இருக்கும். முதலாவது, இருக்கிற பைட்டுகளை வேறு முறையில் படித்துக் காட்டும். இரண்டாவது, பைட்டுகளையே மாற்றும். திரையில் எழுத்து உடைந்து தெரிகிறதா, முதலாவதை அழுத்துங்கள். சரியாகத் தெரிந்து கோப்பு மட்டும் வேறு குறிமுறையில் இருந்தால் இரண்டாவது. உடைந்து தெரியும்போது ‘கன்வெர்ட்’ கொடுத்துச் சேமித்தால் உடைந்ததே நிலைத்துவிடும். ‘பிஓஎம்’ என்று சேர்த்துப் போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். அது கோப்பின் தொடக்கத்தில் சேரும், கண்ணுக்குத் தெரியாத குறி. பிஹெச்பி என்ற நிரல் மொழியின் கோப்புகளில் அது ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்ற பிழையைக் கொண்டுவரும்.

மூன்றாவது, ஆங்கில எழுத்துகள். யூனிகோடு பரவுவதற்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டியவை இவை. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டியது எழுத்துரு இல்லாத கணினியில் ‘ஜே கே பி ஓ’ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளால் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். ஆனால் எச்டிஎம்எல் கோப்பு முழுவதையும் மாற்றியில் போட்டுவிடாதீர்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைக்கிறது. பத்தியைக் குறிக்கும் ‘பி’ குறிகூட இகரக் குறியாக மாறி, பக்கமே சிதறிவிடும். பிரவுசரில் தெரியும் உரையை மட்டும் நகலெடுத்து, மாற்றி, புதுக் கோப்பில் ஒட்டுங்கள். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் தட்டிய பக்கங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதில் ஆங்கில எழுத்துகள் தம் இடத்திலேயே இருக்கும், தமிழ் குறிமுறையின் மேல்பாதியில் இருக்கும்; கோப்பை அப்படியே மாற்றலாம்.

மாற்றி முடித்ததும் ‘ஔ’ இருக்கும் இடங்களைத் தேடிப் பாருங்கள். பல மாற்றிகள் ஔகாரத்தை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகப் பிரித்து வைக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் ‘ஔவையார்’ என்று தேடுபவருக்கு உங்கள் பக்கம் அகப்படாது.

2004-இல் ஃப்ரண்ட்பேஜில் தயாரித்த துறைப் பக்கங்கள், ஏறக்குறைய நாற்பது, என்னிடம் உள்ளன. புதுக் கணினியில் ஃப்ரண்ட்பேஜ் இல்லை. பக்கங்களை இழக்காமல் எதற்கு மாறலாம்?
– ஓய்வுபெற்ற பேராசிரியர், பாளையங்கோட்டை

பக்கங்கள் எதையும் இழக்க மாட்டீர்கள், ஐயா. ஃப்ரண்ட்பேஜின் கடைசிப் பதிப்பு 2003. மைக்ரோசாஃப்ட் 2006-இல் அதைக் கைவிட்டது. ஆனால் அது சேமித்தது எச்டிஎம்எல் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறக்கும்.

முழு ஃபோல்டரையும் முதலில் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு, அடிக்கோட்டுடன் ‘விடிஐ’ என்று பெயர் தொடங்கும் ஃபோல்டர்களை நீக்கலாம். அவை ஃப்ரண்ட்பேஜ் தன் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, பக்கங்களுக்குத் தேவையில்லை. பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் கவுன்ட்டர், தேடல் பெட்டி, கருத்துப் படிவம் ஆகியவை சர்வரில் ஃப்ரண்ட்பேஜ் நீட்சிகள் இருந்தால்தான் இயங்கும். இன்று ஹோஸ்டிங்கில் அவை கிடையாது. நிரலில் ‘வெப்பாட்’ என்ற சொல்லைத் தேடினால் இவை இருக்கும் இடமெல்லாம் அகப்படும். கவுன்ட்டரை எடுத்துவிடுங்கள், படிவத்துக்குப் பதில் கூகுள் ஃபார்ம் ஒன்றைப் பொருத்துங்கள்.

நிரலுக்குள் தமிழுக்குப் பதிலாக ‘2980’, ‘2990’ போன்ற எண்கள் வரிசையாக நின்றால் பயப்பட வேண்டாம். அந்தக் கால மென்பொருள்கள் பல, தமிழ் எழுத்தை யூனிகோடு எண்ணாக எழுதி வைத்தன. 2980 என்பது ‘த’. பிரவுசரில் ஒழுங்காகத் தெரியும், திருத்துவதுதான் கடினம். திருத்த வேண்டிய பத்தியைப் பிரவுசரிலிருந்து நகலெடுத்து எண்களின் இடத்தில் ஒட்டுங்கள், போதும்.

நாற்பது பக்கத்திலும் தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். நோட்பேட்++-இல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘ஃபைண்ட் இன் ஃபைல்ஸ்’ வரும். ஃபோல்டரைக் காட்டி, பழையதையும் புதியதையும் கொடுத்து, முதலில் ‘ஃபைண்ட் ஆல்’ அழுத்தி எத்தனை இடம் என்று பாருங்கள். எண்ணிக்கை நீங்கள் எதிர்பார்த்ததோடு பொருந்தினால் மட்டும் ‘ரீப்ளேஸ் இன் ஃபைல்ஸ்’. இதை ‘அன்டூ’ செய்ய முடியாது. அதற்காகத்தான் முதலில் நகல் எடுக்கச் சொன்னோம்.

கொம்போசரை இன்னும் பயன்படுத்தலாமா? திரையில் பார்த்தபடியே திருத்த எனக்கு அதுதான் வசதி.
– வாசகர், மன்னார்

பழகிய சின்னத் திருத்தங்களுக்கு மட்டும். நெட்ஸ்கேப் கம்போசர் வழியில் வந்த என்வியூவின் வாரிசு அது. கடைசி வெளியீடு 2010. எச்டிஎம்எல்5 குறிகளை அது அறியாது. கைபேசிக்கென அமைத்த புதுப் பக்கத்தை அதில் திறந்து சேமித்தால் அமைப்பு குலையலாம். இதைப் போலவே அடோபியின் ‘பிராக்கெட்ஸ்’ எடிட்டர் 2021 செப்டம்பரிலும் கிட்ஹப் நிறுவனத்தின் ‘ஆட்டம்’ என்ற எடிட்டர் 2022 டிசம்பரிலும் நின்றுபோயின; பிராக்கெட்ஸ் பழகியவர்களுக்கு அதன் வழிவந்த ஃபீனிக்ஸ் கோட் இருக்கிறது, இலவசம். அதில் நிரலின் பக்கத்திலேயே பக்கம் உயிரோடு தெரியும். உங்களுக்கும் அதுவே ஒத்துவரும்.

வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். நிரல் எழுதத் தெரியாது, கற்கவும் நேரமில்லை. விக்ஸ், கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் மூன்றில் எது?
– வாசகி, ஈரோடு

விலைப்பட்டியல், வாட்ஸ்அப் எண், நான்கைந்து படம், இருப்பிட வரைபடம் என்றால் கூகுள் சைட்ஸ் போதும். காசில்லை, ஒரு மாலை வேலை. பொருள்களை அடிக்கடி சேர்ப்பது, ஆர்டர் எடுப்பது, பணம் வாங்குவது என்று போகப்போகிறீர்கள் என்றால் வேர்ட்பிரஸ்.

விக்ஸ் பார்க்க அழகாக இருக்கும், இழுத்து வைத்தால் பக்கம் வந்துவிடும். ஆனால் அதில் கட்டிய தளத்தைக் கழற்றி வேறொரு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. சந்தா உயர்ந்தாலும் வசதி போதாவிட்டாலும் புதிதாகத்தான் கட்ட வேண்டும். தொழிலுக்கு இது பெரிய குறை என்பது எங்கள் முடிவான கருத்து.

வேர்ட்பிரஸிலும் இரண்டு உண்டு. ‘டாட் காம்’ என்பது அவர்களே நடத்தும் சேவை. ‘டாட் ஆர்க்’ தளத்தில் கிடைப்பது இலவச மென்பொருள்; நீங்கள் எடுத்த ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்வது. இரண்டாவதில் உரிமை முழுவதும் உங்களுக்கு, கூடவே அப்டேட் செய்யும் பொறுப்பும் உங்களுக்கு. அப்டேட்டை மாதக்கணக்கில் விட்டால் தளத்துக்குள் வேறு யாராவது புகுந்துவிடுவார்கள்.

வேர்ட்பிரஸில் பக்கம் கட்ட, 2018 டிசம்பரில் அதனுடனே வந்த பிளாக் எடிட்டரையே பழகுங்கள். தனியாகச் சேர்க்கும் பேஜ் பில்டர் சிலவற்றை நிறுத்தினால், பக்கத்தில் உங்கள் உரைக்கு நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் புரியாத சொற்கள் வரிசையாக நிற்கும். அந்த பில்டர் இல்லாமல் அவற்றுக்கு அர்த்தமில்லை. ‘டூல்ஸ்’ பட்டியலில் இருக்கும் ‘எக்ஸ்போர்ட்’ தரும் கோப்பில் எழுத்து மட்டுமே இருக்கும், படங்கள் இருக்காது. காப்புப்பிரதி எடுக்கும்போது ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரையும் டேட்டாபேஸையும் சேர்த்து எடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் டொமைன் பெயரை (தளத்தின் முகவரிப் பெயர்) உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். தளம் கட்டித் தருபவர் பெயரில் விட்டால், அவரோடு ஒத்துப்போகாத அன்று பெயரும் போய்விடும்.

கணினி இல்லை, ஆண்ட்ராய்டு கைபேசி மட்டும்தான். இணையப் பக்கம் எழுதிப் பழக முடியுமா?
– கல்லூரி மாணவி, தருமபுரி

முடியும். ஏகோட் என்ற இலவச எடிட்டரைப் பிளே ஸ்டோரிலிருந்து எடுங்கள். பக்கத்தை வெளியிட கோப்புகளை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் இலவசக் கணக்கு தொடங்கி, உங்கள் பயனர் பெயருடன் ‘கிட்ஹப் டாட் ஐஓ’ சேர்த்து ஒரு பொதுக் களஞ்சியம் (ரெபாசிட்டரி) உருவாக்கி, அதில் கோப்புகளை ஏற்றுங்கள். ‘செட்டிங்ஸ்’, ‘பேஜஸ்’ போய் ‘மெயின்’ கிளையை (பிராஞ்ச்) தேர்ந்தால் பத்து நிமிடத்துக்குள் பக்கம் உலகுக்குத் தெரியும். தளத்துக்கு 1 ஜிபி வரை இடம் தருகிறார்கள், பழகுவதற்கு ஏராளம்.

கைபேசி விசைப்பலகைதான் காலை வாரும். முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கி ‘இண்டெக்ஸ்’ பெயரைக் கெடுக்கும், அந்தக் கோப்பை கிட்ஹப் முகப்புப் பக்கமாக ஏற்காது. நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றினால் இணைப்பும் படமும் வேலை செய்யாது. ஆட்டோ கேபிடல், ஆட்டோ கரெக்ட் இரண்டையும் நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

என் கணினியில் படங்கள் எல்லாம் தெரிகின்றன. சர்வரில் ஏற்றியதும் பாதி தெரிவதில்லை. விஎஸ் கோடில் கோளாறா?
– ஸ்டூடியோ உரிமையாளர், காரைக்குடி

விஎஸ் கோடில் கோளாறு இல்லை. விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. பெரும்பாலான சர்வர்களில் இருக்கும் லினக்ஸுக்கு வேறு வேறு. கேமரா ‘ஜேபிஜி’ என்பதைப் பெரிய எழுத்தில் வைக்கும், நீங்கள் நிரலில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். பாதிப் படம் வந்து பாதி வராததற்கு முதல் காரணம் இதுதான். இனிமேல் கோப்புப் பெயர் எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளிக்குப் பதில் சிறு கோடு வைத்து எழுதுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால், வராத படத்தின் மேல் வலது கிளிக் செய்து புதிய தாவலில் திறந்து முகவரியைப் படியுங்கள். ‘சி டிரைவ்’ என்று வந்தால் அது உங்கள் கணினியின் பாதை, வேறு யாருக்கும் திறக்காது. பாதையைப் பிரிக்கப் பின்சாய்கோடு இட்டிருந்தாலும் தவறு; முன்சாய்கோடு வேண்டும். முகவரி சரியாக இருந்து ‘404’ வந்தால் படம் சர்வருக்கு ஏறவே இல்லை. ‘403’ என்றால் ஏறியிருக்கிறது, படிக்க அனுமதி இல்லை. கோப்புகளைச் சர்வருக்கு ஏற்றும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவில் அந்தக் கோப்பின் அனுமதியை 644, ஃபோல்டருக்கு 755 என்று வையுங்கள். அதே ஃபைல்ஜில்லாவில் எஃப்டிபி என்ற பழைய இணைப்பு முறைக்குப் பதில் பாதுகாப்பான எஸ்எஃப்டிபி, போர்ட் 22 தேர்ந்து இணையுங்கள். சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகிறது.

ஐபோனில் எடுத்த படங்கள் மட்டும் வரவில்லை என்றால் அவை ‘எச்இஐசி’ வகையாக இருக்கும், குரோம் அதைக் காட்டாது. ஜேபெக் ஆக மாற்றுங்கள். மாற்றும்போதே அகலத்தை 1200 பிக்சலுக்கு, தரத்தை 75–80-க்குக் குறைத்துவிடுங்கள். கேமராவில் 4 எம்பி இருந்த படம் பெரும்பாலும் 200 கேபி அளவுக்கு வந்துவிடும். திருத்தி ஏற்றிய பிறகும் பழையதே தெரிந்தால் கன்ட்ரோல், எஃப்5 இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பிரவுசர் பழைய பிரதியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்.